வேட்டங்குடிக் கண்மாய்க்குப் போகிறவர்களுக்கு

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் கணக்கோடு வருகிறார்கள். கானாடுகாத்தானில் பெரிய வீடு, ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை, காரைக்குடியில் பழைய சாமான் கடைகள், பிள்ளையார்பட்டியில் தரிசனம், நடுநடுவே சாப்பாடு. எல்லாமே பார்க்க வேண்டியவைதான். இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதை வேட்டங்குடிக் கண்மாய்க்கு, பறவைகள் வந்து தங்கும் ஏரிக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் அதற்கென்று களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்து 34 வருஷம் ஆகிவிட்டது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் சொந்தக்காரப் பிள்ளைகளை வேட்டங்குடிக்குக் கூட்டிப்போவது என் வேலையாகவே ஆகிவிட்டது. போய்ப் போய் எனக்கென்று ஒரு முறை உண்டாகியிருக்கிறது. பறவையைப் பார்க்கலாம், அதோடு இந்த மண்ணில் முதலில் வந்து குடியிருந்தவர்கள் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்பதையும் அங்கேயே நின்று யோசித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

எங்கே, எப்போது

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரிலிருந்து மேலூர் வழியாக மதுரை போகும் சாலைப் பக்கம் இருக்கிறது. இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். வடக்கே தனி மாவட்டமாக இருக்கும் திருப்பத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். சரணாலயம் என்றதும் பெரிய காடு, வேலி, நுழைவாயில் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று கண்மாய்கள், அவ்வளவுதான்: வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி. மூன்றும் சேர்ந்து 40 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்மாய் இருந்தது, பறவைகளும் வந்துகொண்டிருந்தன.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் போகலாம். வேட்டங்குடி விலக்கில் நிற்குமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டு ஏறுங்கள். எல்லா வண்டியும் நிற்காது. சொந்த வண்டி என்றால் திருப்பத்தூரிலேயே தேவைகளை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கண்மாய்க் கரையில் கடை இல்லை, கழிப்பறையை நம்பிப் போக முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் பெருகினால்தான் பறவை வரும். நவம்பரில் வரத் தொடங்கி, மரத்தில் கூடு கட்டி, தைக்கும் மாசிக்கும் குஞ்சு வளர்த்து, தண்ணீர் வற்றும்போது போய்விடும். எனக்குப் பிடித்தது ஜனவரி. குஞ்சுகள் சாப்பாடு கேட்டுக் கத்தும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். மழை பொய்த்த வருஷத்தில் ஜனவரியில் போனாலும் ஒன்றும் இருக்காது. ஆகவே புறப்படும் முன் "கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில தண்ணி கிடக்கா?" என்று திருப்பத்தூர்ப் பக்கம் யாரிடமாவது விசாரித்துவிடுங்கள். டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

பொழுது விடிவதற்குள் கரையில் இருக்க வேண்டும். வெள்ளை, சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் உடுப்பு வேண்டாம். காக்கி, பச்சை, மண் நிறம் நல்லது. ரப்பர் செருப்பு போட்டுவராதீர்கள், கருவேல முள் நேராக உள்ளே ஏறிவிடும். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒன்றை நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். செல்போனில் பாட்டு வைக்க வேண்டாம். மரத்தடிக்குப் போய்க் குஞ்சைப் படம் எடுக்கவே கூடாது. தாய்ப் பறவை எழுந்து பறந்தால் காக்கையும் பருந்தும் அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருக்கும்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, பல பத்தாண்டுகளாக. கல்யாணம், கோயில் விசேஷம் எதற்கும் கிடையாது. தீபாவளிக்கு வனத்துறையிலிருந்து இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அடுத்த ஊரில் வாணம் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் எட்டு வயசுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அப்படிக் காத்த இடத்துக்குள் போகிறோம் என்ற நினைப்பு இருந்தால் குரல் தானாகத் தணியும்.

தண்ணீர் வரும் வழியிலேயே நடங்கள்

வந்தவுடன் எல்லோரும் பறவை கூட்டமாக இருக்கும் மரத்தைத் தேடி ஓடுவார்கள். முதல் அரைமணி நேரம் அப்படிச் செய்யுங்கள், தப்பில்லை. ஆசை தீரட்டும். அப்புறம் கண்மாயை அதன் போக்கில் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில்.

இந்தச் சீமையில் நிலம் பொதுவாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. மேட்டுப் பக்கத்திலிருந்து மழைத்தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். தண்ணீர் பரவி நிற்கும் இடம் உள்வாய். பள்ளத்துப் பக்கம் பிறைபோல வளைந்து தடுத்து நிற்பது கரை. கரையில் வயலுக்குத் தண்ணீர் விடும் வாசல் மடை. நிறைந்தபின் மிச்சம் வழிந்து போகக் கல்லால் கட்டிய இடம் கலுங்கு. இங்கே வழிந்தது வீணாகாது, அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அதுதான் வரத்து. தமிழ்நாடு முழுவதும் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 சொல்கிறார்கள். இந்தத் தென் சீமையில் அவற்றில் பல இப்படிச் சங்கிலியாகக் கோத்தவை.

கலுங்கில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பழைய கலுங்குகளில் மேலே வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். கடைசி மழைக்குப் பிறகு அந்தக் கற்களுக்கு நடுவே பனையோலையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஓர் அடி, ஒன்றரை அடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்த ஓர் அடி எங்கள் ஊரில் இருபது நாள் தண்ணீர். ஆனால் அதே ஓர் அடி கீழ் ஊருக்குப் போகாத தண்ணீர். அதைக் கொஞ்சம் யோசியுங்கள். அடை மழை ராத்திரியில் இரண்டு ஊர்க்காரர்களும் அரிக்கேன் விளக்கோடு கலுங்கில் நின்று பேசியதை ஐயா சொல்லியிருக்கிறார். கம்பும் கையில் இருந்ததாம். கடைசியில் ஐயனார் கோயில் வாசலில் வைத்துப் பேசி முடித்தார்கள்: இத்தனை கல் அடைப்பது, இத்தனை கல் திறந்து விடுவது. ஊர் என்பது எப்படி உண்டாகியிருக்கும் என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்தக் கலுங்கைத்தான் காட்டுவேன். வீடு தனியாகக் கட்டிக்கொள்ளலாம். கண்மாயைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

மடைக்கு வந்தால், இப்போது இருப்பது பெரும்பாலும் இரும்புப் பலகையும் திருகும்தான். பழைய கண்மாய்களில் உள்வாய்ப் பக்கம் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கல் சட்டம். அதுதான் குமிழித் தூம்பு. அடியில் ஒரு கல்தொட்டி, அதன் மேல்மூடியில் துளை, துளையை அடைக்கும் அடைப்பு. அதைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டு உள்ளே இறங்கிக் கரைக்கு அடியில் இருக்கும் கல் கால்வாய் வழியாக வயலில் போய் வெளிவரும். தொட்டியின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றுக்குச் சேறோடித் துளை என்று பெயர். மேலே தண்ணீர் இறங்கும் வேகத்தில் அடியில் கிடக்கும் வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். கண்மாய் தூர்ந்து போகாமலும் இருக்கும், வயலுக்கு உரமும் ஆச்சு. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தூம்புக் கற்களில் யார் செய்து கொடுத்தது என்று கல்வெட்டே உண்டு.

எங்கள் ஊர்த் தூம்பின் தூணில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கை பிடித்துப் பிடித்து வழவழப்பான ஒரு பள்ளம் இருக்கிறது. மூச்சடக்கி முங்கி அடைப்பை எடுக்கிறவர் மேலே வந்ததும் பிடிக்கும் இடம். உள்ளங்கை சரியாக உட்காரும். கல் அங்கே மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். சின்ன வயசில் ஐயா என் கையைப் பிடித்து அதில் வைத்துக் காட்டினார், என் கைக்கு அது பெரிசாக இருந்தது. "எங்க ஐயாவும் இதத்தான் பிடிச்சாரு" என்றார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் என்பதைக் கல்லைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

கண்ணில் படுகிறதைக் கழியுங்கள்

இப்போது கரையின் நடுவில் உள்வாயைப் பார்த்து நில்லுங்கள். நான் பிள்ளைகளிடம் செய்யச் சொல்வது இது: பார்க்கிறதில் பிற்காலத்தில் வந்ததை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள்.

முதலில் மின்கம்பம், தார் ரோடு. அடுத்தது சீமைக் கருவேலம். இன்று சிவகங்கைச் சீமை முழுக்க அதுதான் நிற்கிறது, ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த மரம். நிஜமாகவே இங்கத்துப் பிள்ளை நாட்டுக் கருவேலம்தான். உள்வாய்த் தண்ணீருக்குள் கால் நனைத்துக்கொண்டு நிற்கும், நாரை கூடு கட்டுவதும் அதில்தான். அப்புறம் நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை, இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவையும் வெளியிலிருந்து வந்தவை. தோட்டத்தில் தக்காளி, மிளகாய், நிலக்கடலை எல்லாம் கடல் தாண்டி வந்தவை. மிளகாய் இல்லாத செட்டிநாட்டுச் சமையலை நினைக்கவே கஷ்டமாக இருக்கும். காரத்துக்கு மிளகுதான், அதுவும் மலையிலிருந்து வர வேண்டும்.

கடைசியாகக் கரையையும் எடுத்துவிடுங்கள். என்ன மிஞ்சுகிறது? ஒரு பள்ளம். மழை பெய்தால் முழங்கால் அளவு சதுப்பு, சித்திரையில் வெடித்த மண். சுற்றிலும் செம்புராங்கல் மேடு, பனை, காரைச் செடி, கருவேலம். வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு, இரண்டு மாட்டோடு இங்கே வந்து நிற்கும் குடும்பத்துக்கு இதுதான் கண்ணில் பட்டது.

அவர்கள் பார்த்த இன்னொன்று பறவை என்று நினைக்கிறேன். கொக்கு இறங்கும் இடத்தில் ஆழமில்லாத தண்ணீர் உண்டு, தண்ணீரில் மீனும் நத்தையும் உண்டு. அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டாம்.

பிறகு கரையைத் திரும்ப வையுங்கள், ஆனால் கூடை கூடையாக. போன தைக்கு என் தம்பி மகளோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், உச்சியில் மூன்று மீட்டர் அகலம், அடியில் ஒன்பது மீட்டர் என்று ஒரு கரையை வைத்துக்கொள்வோம். 18,000 கன மீட்டர் மண். ஒரு கூடையில் 15 லிட்டர் மண் பிடிக்கும் என்றால் 12 லட்சம் கூடை. இருநூறு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது கூடை வெட்டிச் சுமந்து கொட்டி மிதித்தால் இருநூறு நாள். அறுவடை முடிந்து மழை வரும் வரைதான் மண்வேலைக்கு நேரம், அதனால் இரண்டு கோடை. முதல் கோடைக்கும் இரண்டாம் கோடைக்கும் நடுவே பெய்யும் மழை பாதிக் கரையைக் கரைக்காமல் இருக்க வேண்டும். பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு, "அயித்தை, அது வரைக்கும் அவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

என்ன சாப்பிட்டார்கள் என்பதை நாரையிடம் கேளுங்கள்

அந்தக் கேள்விக்குப் பதில் கரையிலேயே கிடந்தது. நத்தைகுத்தி நாரை என்று ஒன்று வரும். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, அலகை மூடினாலும் நடுவில் இடுக்கு தெரியும். அந்த அலகால் நத்தைக்குள் இருக்கும் சதையை நெம்பி எடுத்துத் தின்னும். அது மேயும் ஓரங்களில் வெற்று நத்தை ஓடுகள் சிதறிக் கிடக்கும். ஒன்றை எடுத்து உள்ளே பாருங்கள், துடைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். வயல் நத்தையை எங்கள் பக்கத்து வீடுகளிலும் சமைப்பார்கள். மிளகு, சீரகம் தட்டிப் போட்டு வேக வைத்தால் மூலத்துக்கு நல்லது என்று அப்பத்தா சொல்லும்.

ஒவ்வொரு பறவையையும் இப்படிப் பாருங்கள். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்திப் போய் முங்கி மீனோடு வரும். ஆழத்து மீன் அது. அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்திப் பூச்சி, புழு, சின்ன நண்டு எடுக்கும். கரண்டிவாயன் அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசிச் சலித்துக்கொண்டே நடக்கும், நம் ஆட்கள் அயிரை மீனுக்குத் துணி பிடித்து அரிப்பதுபோல. நீலத் தாழைக்கோழி சம்பங்கோரையின் குருத்தைக் கடித்துத் தின்னும். எல்லாம் ஒரே தண்ணீர். மனுஷனுக்கு அதில் விரால், கெளுத்தி, கெண்டை, குரவை, நண்டு. தண்ணீர் வடிந்தபின் கொட்டிக்கிழங்கு, அல்லிக்கிழங்கு. ஓரத்தில் ஆரைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி. மேட்டில் வரகும் சாமையும் குதிரைவாலியும். நெல் எல்லாம் கரை நின்ற பிறகுதான்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் இந்தச் சீமையில் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிகூடை எல்லாவற்றோடும் ஜனம் இறங்கும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடு. சேற்றில் அமுக்கி, மேல் வாயில் கைவிட்டு உள்ளே மாட்டிய மீனை எடுப்பார்கள். அப்படி ஒரு நாளில் நீங்கள் இந்தப் பக்கம் இருந்தால் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பறவை எச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மரத்தடித் தண்ணீர் வெளுத்து, நாற்றம் அடிக்கும். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்தச் சத்து தண்ணீரோடு வயலுக்குப் போகிறது. கோடையில் வண்டலை வண்டியில் அள்ளிப் போடுவதும் அதற்காகத்தான்.

ஒரு குடம்

என் வண்டியில் எப்போதும் ஒரு பித்தளைக் குடம் இருக்கும். இதற்காகவே வைத்திருக்கிறேன். பிள்ளைகளை ஊர் ஊருணிக்குக் கூட்டிப்போய், ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு குடம் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்து முந்நூறு அடி நடக்கச் சொல்வேன். குடிக்க, சமைக்க ஆறு பேருக்கு ஆறு குடமாவது வேண்டும், கழுவுகிற குளிக்கிற கணக்கு வேறு. மூன்றாம் குடத்தில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கண்மாய் வேறு, ஊருணி வேறு. கண்மாய் வயலுக்கும் மாட்டுக்கும். ஊருணி ஊர் குடிப்பதற்கு. காலைக் கழுவாமல் இறங்க விட மாட்டார்கள். செம்புராங்கல் பூமியில் ஊறி வரும் தண்ணீருக்குத் தனி ருசி. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தெரியும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வாழும் ஊர்கள் பலவற்றில் வீட்டுக் கூரையில் விழுந்து முற்றத்தில் இறங்கும் மழைநீர் தெரு வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படிதான் தெருவே அமைத்திருக்கிறார்கள். நாளைக்குக் கானாடுகாத்தானில் பெரிய வீட்டைப் பார்க்கும்போது தேக்குத் தூணைப் பார்த்துவிட்டு, அப்படியே குனிந்து முற்றத்து மூலையில் தண்ணீர் போகும் வழியையும் பாருங்கள். வீதியிலிருந்து வாசலுக்கு ஏறும் படிகளையும் எண்ணுங்கள். பூம்புகாரில் கடலோரம் இருந்து வந்தவர்கள், தண்ணீர்ப் பயத்தில் தளத்தை உயர்த்தினார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

மதியம் வேறிடம்

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறும், பறவையும் இரை தேடப் போய்விடும். நீங்களும் கிளம்புங்கள். இளையாத்தங்குடிக்குப் போகலாம். நகரத்தார் மரபில், பாண்டிய மன்னன் கொடுத்த இடத்தில் அவர்கள் முதலில் வந்து அமர்ந்த ஊர் அது. அங்கிருந்துதான் மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று மொத்தம் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தார்கள். ஒரு காலத்தில் 96 ஊர்கள், இன்று எழுபத்துச் சொச்சம்.

ஆனால் அவர்கள் வந்தபோது இது ஆளில்லாத பூமி அல்ல. இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடி இருக்கிறது. கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே செங்கல் வீடும் உறைகிணறுமாக வாழ்ந்தவர்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் உழும்போது முதுமக்கள் தாழி உடைந்து வருவதும் உண்டு. ஆகவே முதலில் வந்தவர் யார் என்று ஒரே பேரைத் தேடாதீர்கள். ஒருவர் மேல் ஒருவராக வந்திருக்கிறார்கள். வந்தவர் எல்லோரும் முதலில் தேடியது தண்ணீர் நிற்கும் பள்ளத்தை.

பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். குடி, பட்டி, வயல், ஏந்தல், ஊருணி, குளம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் முடியும். முன்பாதியில் மரம் செடி இருக்கும்: காரைக்குடி, இலுப்பைக்குடி, ஆலங்குடி.

ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஐயனார் கோயில் கண்ணில் பட்டால் இறங்குங்கள். கரையைக் காக்கிற சாமி. வரிசையாக மண் குதிரைகள் நிற்கும். புரவியெடுப்பு என்று ஊர் கூடித் தீர்மானித்ததும், குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். கண்மாய் மண்ணைக் குழைத்துக் கால், வயிறு, கழுத்து என்று தனித்தனியாகச் செய்து சேர்த்துச் சுட்டு, வெள்ளை அடித்து வர்ணம் தீட்டுவார்கள். திருவிழா அன்று ஊரே தோளில் சுமந்து வரும். பழைய குதிரை ஒன்றின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வர்ணம் போயிருக்கும். வயிற்றில் உமி கருகிய சின்னச் சின்னக் குழிகள், காதுக்குப் பின்னால் ஈர மண்ணை வழித்த விரல் தடம், அதுவும் நாலு விரல். போன வருஷம் செய்ததும் நூறு வருஷத்துக்கு முன் செய்ததும் பக்கத்துப் பக்கத்தில் கரைந்துகொண்டிருக்கும். கரைந்த மண் மழையில் மறுபடி கண்மாய்க்குள்தான் போகிறது.

கோடையில் போனால்

இரண்டு வருஷம் முன்பு உறவுப் பிள்ளைகளுக்கு லீவு மே மாசத்தில்தான் கிடைத்தது. தண்ணீர் இல்லை, பறவை இல்லை. வந்ததே வீண் என்று முகம் வாடிவிட்டது. கண்மாய்க்குள் இறங்கி நடந்தோம். வெடிப்பு ஒவ்வொன்றும் கை நுழையும் அகலம். காலியான கூடுகள் கருவேலத்தில் சுள்ளிக் கட்டாகத் தொங்கின. மடையின் வாயை அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் கரையின் உயரம் பிள்ளைகளுக்குப் புரிந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்த ஊரு தாயி?" என்று விசாரித்துவிட்டு, வெடிப்பை மண்வெட்டியால் பெயர்த்துக் காட்டினார். உள்ளே நத்தை வாயை மூடி உறங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் அதுவாக எழுந்து போகும் என்றார். கோடையில்தான் போக முடியும் என்றால் தயங்காமல் போங்கள், தலைக்குத் துண்டும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு.

சாயங்காலம்

நாலரை மணிக்குத் திரும்பவும் கரைக்கு வந்துவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பறவைக்கு உங்கள் சத்தம் போகாத பக்கமாக, ஒரு மரத்தடியில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் பேச வேண்டாம். முதலில் உண்ணிக்கொக்குகள் கூட்டமாக வரும், மாட்டோடு மேயப் போனவை. பிறகு நீர்க்காகம், நேர்கோட்டில். கடைசியில் மஞ்சள் மூக்கு நாரை பெரிய சிறகை அடிக்காமல் மிதந்து வந்து இறங்கும். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, அலகோடு அலகைத் தட்டித்தான் பேசும். ஒன்று வாயில் சுள்ளியோடு வரும், கூட்டில் இருப்பது அதை வாங்கி ஒரு தடவை வைத்துப் பார்த்து, எடுத்து, வேறிடத்தில் செருகும். பக்கத்துக் கூட்டுக்காரன் கவனிக்காத நேரத்தில் அவன் சுள்ளியை உருவுவதும் நடக்கும். இடத்துக்கு, கிளைக்கு, நிழலுக்குச் சண்டை. புதிதாக வந்த குடி இப்படித்தான் இடம் பிடித்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இருட்டும் நேரத்தில் எல்லாம் அடங்குகையில் ஒன்று மட்டும் கிளம்பும். வக்கா. பகலெல்லாம் தூங்கிவிட்டு, "க்வாக்" என்று ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டு ராத்திரி இரைக்குப் போகும். வயலில் கொசு எழும். அந்த நேரத்துக்கு ஊருக்குள் மாட்டுக்கொட்டகையில் நொச்சித் தழையைப் போட்டுப் புகை மூட்டுவார்கள், இன்றும் சில வீடுகளில் உண்டு. கண் எரியும், ஆனால் நல்ல வாசனை. குடிசை, புகை, தூரத்தில் தவளை, கண்மாய் உடையுமா என்று காது கொடுத்துக் கிடக்கும் ஆம்பளைகள், இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குமேல் கரையில் நிற்காதீர்கள், பாம்பு நடமாட்டம் உண்டு. டார்ச்சைக் கூடு இருக்கும் மரத்தின் மேல் அடிக்காமல் தரையில் அடித்துக்கொண்டு விலக்குக்கு வந்து சேருங்கள். பஸ் வருவதற்குள் செருப்பைக் கழற்றி, அடியில் ஏறியிருக்கும் கருவேல முள்ளை எடுத்துவிடுங்கள்.